மூன்றாம் நபருக்கு நோட்டீஸ்

அத்தியாயம் 14

போன வாரம் ஞானதாசனை மேசையின் முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்தோம். பாவம் மனிதர், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

மேசையில் இரண்டு தாள்கள். இடது பக்கம் ஒரு புகார் மனு. அருமனைக்குத் தெற்கே, இந்தப் பேரூராட்சியின் ஒன்பதாம் வார்டில், நேசபாய் என்பவர் நடத்தும், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையால் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மூச்சுக்கேடு உண்டாகிறது, ஆகவே அதன் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்கிறது அது. வலது பக்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வந்த விண்ணப்பம். என்மேல் புகார் கொடுத்தது யார், அந்த மனுவின் நகல் எனக்கு வேண்டும் என்று நேசபாய் கேட்கிறாள். மூலையில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது.

நேசபாய், தலைமை எழுத்தர் ஞானதாசனின் உடன்பிறந்த அக்காள். அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத சங்கதி வேறு. இரண்டு தாளிலும் இருப்பது ஒரே கையெழுத்து. மனுவின் அடியில் ‘இப்படிக்கு, ரோஸ்லெட். என் பெயரை வெளியிட வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறது. ரோஸ்லெட், ஞானதாசனின் மனைவி.

நேசபாய்க்கு வாசிக்கத் தெரியும். வேதப்புத்தகத்தை இரண்டு தடவை முழுக்க வாசித்தவள்தான். ஆனால் ஆபீசுக்கு ஒரு கடுதாசி என்றால் பேனா பிடிக்க மாட்டாள். கரண்டு ஆபீஸ், ரப்பர் போர்டு, வளைகுடாவில் இருக்கும் மகன் ஜெபிஷ், யாருக்கு எழுதுவதானாலும் வெள்ளைத் தாளைத் தூக்கிக்கொண்டு தம்பி பெண்டாட்டியிடம்தான் வருவாள். பெண்கள் சங்கத்து செக்ரட்டரி, கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். இந்த விண்ணப்பத்துக்கும் அவளிடமே வந்திருக்கிறாள். வழக்குப் போட்டவளே எதிர்க்கட்சிக்கும் வக்கீலாகிப் போன கூத்தை இந்த ஜில்லாவில் வேறு எங்கும் காண முடியாது.

“ஞானதாசன், கொஞ்சம் வாங்க.”

செயல் அலுவலரின் குரல். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது இன்னும் பிடிபடவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

“இந்தப் புகைப்புரை விண்ணப்பத்துக்கு மூணாம் நபர் நோட்டீஸ் போட்டாச்சா?”

“போடணும் சார்.”

“எப்பப் போடுவீங்க? மனு கொடுத்த அம்மா பேரை வெளியிட வேண்டாம்னு எழுதியிருக்காங்க. அப்போ பதினொண்ணாம் பிரிவு. அவங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, சம்மதமா, ஆட்சேபணையான்னு கேக்கணும். விண்ணப்பம் வந்து அஞ்சு நாளுக்குள்ள. இன்னைக்கு அஞ்சாவது நாள்.”

“பேர மட்டும் மறைச்சு நகல் குடுத்தாப் போதாதா சார்?”

“அதை அவங்க ஆட்சேபிச்சா யோசிப்போம். முதல்ல கேளுங்க.”

பெயரை மறைத்தால் ஆயிற்றா? ஒவ்வொரு மாதமும் பெண்கள் சங்க ரிப்போர்ட்டை ரோஸ்லெட்டின் கையெழுத்தில் பார்க்கிறவள் நேசபாய். பெயரை மறைத்த தாளில் முதல் எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஞானதாசன் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். அரசாங்கத்தில் அதற்கு ஒரு மெடல் இருந்தால் எப்போதோ வாங்கியிருப்பார்.

“இதுல ஒரு வரி இருக்கு பாருங்க” என்று அதிகாரி மனுவைப் புரட்டினார். “‘அலுவலகப் பொறுப்பில் உள்ளவரிடம் மூன்று ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லியும் எந்தப் பலனும் இல்லை.’ யாருங்க அந்தப் பொறுப்பில் உள்ளவர்?”

ஞானதாசன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“விசாரிக்கணும் சார்.”

“விசாரிங்க. நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒன்பதாம் வார்டு உங்க வீட்டுப் பக்கம்தானே, மத்தியானம் சாப்பிடப் போறப்ப நேர்ல கொடுத்துக் கையெழுத்து வாங்கிடுங்க. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டா நகலை அனுப்பிடலாம். கவரிங் லெட்டர்லயும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். நான் நாகர்கோவில் மீட்டிங் போறேன், நாளைக்குத்தான் வருவேன்.”

ஞானதாசன் அரசு முத்திரை போட்ட பழுப்புக் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடையை விரித்து இறங்கினார். ஆனி மழை நாலு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது.

வழி நெடுக அவருக்கு அக்காளின் முகம்தான். அம்மா போனபோது அவருக்கு ஒன்பது வயது, நேசபாய்க்குப் பத்தொன்பது. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் “தம்பி டென்த் முடிக்கட்டும்” என்று திருப்பி அனுப்பியவள் அவள். டென்த் முடிந்ததும் டைப்பிங் முடிக்கட்டும் என்றாள். முப்பது வயதில்தான் சுந்தர்சிங்குக்குக் கழுத்தை நீட்டினாள். அவரும் மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகன் ஃபோனில் மட்டும் வருகிறான். மிச்சம் இருப்பது அந்தப் புகைப்புரைதான். ‘ஏன் மூடக்கூடாது’ என்று பேரூராட்சி கேட்டிருக்கும் விளக்கத்துக்கு நாளையோடு கெடு முடிகிறது. இந்த நேரத்தில் அவள் கையில் இந்த நகல் போய்ச் சேர்ந்தால், அத்தோடு தமக்கு அக்காள் என்று ஒருத்தி இல்லை என்று ஞானதாசன் நினைத்தார்.

வீட்டு நடையில் ஏறியபோதே புகைவாடை. மழைக்காலத்தில் ரப்பர் ஷீட்டை வெயிலில் காயவைக்க முடியாது, எல்லாவற்றையும் புகைப்புரையில் போட்டுத் தேங்காய்த் தொண்டும் விறகும் வைத்துப் புகைக்க வேண்டியதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைக் கையாலைச் சுவர்தான். மழைக்காற்று அடித்தால் புகை நேரே இவர்கள் அடுக்களைக்குள்தான் வந்து நிற்கும்.

ஜினிஷா பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் வகுப்புப் படிக்கும் பெண். கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் மூச்சு வாங்குகிற வேலைக்குப் போய்விட்டாள்.

“காலையிலேந்து ரெண்டு தடவ ஆவி புடிச்சாச்சு” என்றாள் ரோஸ்லெட். “இருங்க, சோறு போடுதேன்.”

ஞானதாசன் உட்கார்ந்தார். சோற்றையும் சாளைமீன் கறியையும் பார்த்தார். பிறகு சட்டைக்குள் கைவிட்டுக் கவரை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“என்னது?”

“நோட்டீசு.”

“ஆருக்கு?”

“ஒனக்கு.”

ரோஸ்லெட் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தாள். நின்றபடியே வாசித்தாள். அவசரப்படவில்லை, சங்கத்துக் கணக்கை வாசிக்கிற மாதிரி வரி வரியாக வாசித்தாள்.

“‘மூன்றாம் நபராகிய தங்களுக்கு.’ நான் மூணாம் நபரா?”

“சட்டத்துல அப்பிடித்தான் போடுவாவ.”

“செரி. ஒங்க ஆபீசுலேந்து எனக்கு ஒரு கடுதாசியாவது வந்துதே.”

ஞானதாசன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்னத்துக்கு ரோஸ்லெட்டு இப்பிடிச் செய்த? அவ எனக்க அக்கா.”

“ஜினிஷா ஒங்க மக.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா...”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். ரோஸ்லெட் அவரையே பார்த்தாள்.

“ஒரு வார்த்தையா? பிள்ளைக்கு மொதமொதல்ல இளைப்பு வந்து மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப சொன்னேன். டாக்டரு ‘பக்கத்துல புகை உண்டா’ன்னு கேட்ட அன்னைக்குச் சொன்னேன். போன கிறிஸ்மசுக்குச் சொன்னேன். ‘மைனிகிட்ட நான் சொல்லட்டா’ன்னும் கேட்டேன். ‘நீ சொல்லாண்டாம், குடும்பத்துல சண்டையும் பெகளமும் வரும், நான் பைய சொல்லுதேன்’னு சொன்னிய. மூணு வருசமா பைய சொல்லிக்கிட்டு இருக்கிய. வாயில கொழுக்கட்டையா?”

கட்டிலிலிருந்து விசில் சத்தம் மட்டும் வந்தது.

“மனு எழுதினது போவட்டும்” என்றார் கடைசியில். “அக்கா வந்து கேட்டப்ப இதையும் எழுதிக் குடுத்திருக்கியே, அது என்னத்துக்கு? மாட்டேன்னு சொல்லக் கூடாதா?”

ரோஸ்லெட் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை நேரம் நேராக நின்ற குரல் இப்போது கொஞ்சம் ஆடியது.

“ஞாயித்துக்கிழம கோயிலு முடிஞ்சு வந்தாவ. ‘ரோஸ்லெட்டு, நல்ல கையெழுத்துல எழுதித் தா, சர்க்காருக்குப் போற பேப்பராக்கும்’ன்னாவ. எனக்குக் கையும் காலும் ஓடல்ல. ‘ஆருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க மைனி’ன்னு கேட்டேன். ‘ஒண்ணும் செய்யமாட்டேன், மொகத்தப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும்’ன்னாவ. அப்பவே எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். சொல்லாண்டாம்னு எனக்கு ஆணையிட்டவரு நீங்க. அப்பந்தான் நெனச்சேன், இந்தப் பேப்பரு எப்பிடியும் ஒங்க மேசைக்குத்தானே வரும். ரெண்டையும் ஒண்ணாப் பாத்தா அப்பமாவது வாயத் திறப்பீங்களான்னு பாத்தேன்.”

ஞானதாசன் கையைக் கழுவினார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. நோட்டீசின் அடியில் ஒரு துண்டு உண்டு, மூன்றாம் நபர் பூர்த்தி செய்து தர வேண்டியது. ‘தகவலை வழங்க எனக்கு ஆட்சேபணை உண்டு / இல்லை’ என்று அச்சடித்திருந்தது. அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“உண்டுன்னு போடு ரோஸ்லெட்டு. பத்து நாளு டைம் உண்டு. பிறகு ஏதாவது ஒரு வழி பாக்கலாம்.”

“எத்தன நாளு?”

“பத்து நாளு.”

“நான் ஒங்களுக்கு மூணு வருசம் தந்தேன்.”

அலமாரிமேல் இருந்த பேனாவை எடுத்து ‘உண்டு’ என்பதை ஒரே கோடாக அடித்தாள். கீழே, ‘என் பெயரையும் சேர்த்தே கொடுக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் அழுதாள்.

“மைனி இனி எனக்க மொகத்துல முழிக்க மாட்டாவ. பிரசவத்துக்கு எனக்க அம்மைக்குப் பதிலா வந்து நின்னாவ. அது தெரிஞ்சுதான் போடுதேன். கொண்டு போங்க.”

ஆபீசில் மத்தியானம் ஆளரவம் குறைவு. ஞானதாசன் மனுவை ஜெராக்ஸ் எடுத்தார். கவரிங் லெட்டரோடு சேர்த்துப் பின் அடித்தார். பதிவுத் தபால் கவரில் அக்காளின் விலாசத்தை எழுதினார். கையாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் பதிவுத் தபால். இன்று போட்டால் நாளை மறுநாள் கிடைக்கும். அதற்குள் இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டார். கோழைக்கும் ஒரு தபாலாபீஸ் வேண்டுமே.

“சாரே.”

வாசலில் ராஜையன் நின்றான். நேசபாயின் வீட்டுக்குத் தெற்கே குடியிருப்பவன். பதினோரு வருடமாக அவளுடைய ரப்பர் மரங்களில் பால் வெட்டி, ஷீட்டு அடித்து, புகைப்புரையில் தூக்கிப் போடுகிறவனும் அவன்தான். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“என்ன ராஜையா?”

“ஒரு பேப்பரு வேணும் சாரே.”

“என்ன பேப்பரு?”

“நேசபாயக்காக்க மேல மனு குடுத்தது நான் இல்லன்னு ஒரு பேப்பரு. ஆபீசு சீல் வச்சு.”

ஞானதாசன் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்னத்துக்கு?”

“நேத்தைக்கு அக்கா என்னை இனி வேலைக்கு வராண்டாம்னு சொல்லிட்டாவ. எனக்க பெண்டாட்டி என்னைக்கோ ஒரு நாளு ‘இந்தப் புகையில இருமல் நிக்க மாட்டேங்குது’ன்னு கெணத்தடியில வச்சுச் சொல்லியிருக்கா. அத ஓர்மையில வச்சு, நான்தான் மனு குடுத்தேன்னு நெனச்சுட்டாவ. ‘உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தியே’ன்னு கேட்டாவ சாரே. வேலை போனா போவட்டும், ஊருல தோட்டமா இல்ல? அந்தச் சொல்லுதான் தாங்க முடியல்ல. சபைக்காரனுவளும் ஒரு மாதிரியாப் பாக்கானுவ.”

“அப்பிடி ஒரு பேப்பரு தாறதுக்குச் சட்டத்துல வழி இல்ல ராஜையா.”

“குடுத்தவனுக்க பேரச் சொல்லமாட்டீங்க, அது சட்டம். செரி. குடுக்காதவனுக்க பேரையாவது சொல்லலாமே சாரே.”

அவன் மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். மழையில் ஓரம் நனைந்திருந்தது. மூலையில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு.

“அக்கா ஒட்டின மாதிரி நானும் ஒட்டியிருக்கேன். எனக்குத் தெரிஞ்சாப்புல எழுதியிருக்கேன். வாங்கி வைங்க.”

ஞானதாசன் வாங்கினார். வாங்காமல் இருக்க முடியாது. பதிவேட்டில் நம்பர் போட்டு, சீல் வைத்து, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ராஜையன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “தெய்வம் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான். வைதுவிட்டுப் போயிருந்தால் ஞானதாசன் தாங்கியிருப்பார். இந்த ஆசீர்வாதம் அவரை நாற்காலியில் உட்கார விடவில்லை.

பதிவுத் தபால் கவரைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்தார். ஆபீசைப் பூட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். குடையை மறந்துபோனது பாதி வழியில்தான் தெரிந்தது.

புகைப்புரையின் கதவு திறந்திருந்தது. உள்ளே கம்புகளில் வரிசை வரிசையாக ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. ராஜையன் இல்லாததால் நேசபாய் தனியாகவே ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதுக்கு அது லேசான வேலை இல்லை. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தாள். புகையில் இருபத்தைந்து வருடம் கிடந்த கண், எப்போதும் சிவந்தேதான் இருக்கும்.

“ஏலே, நனைஞ்சுட்டா வார? தலையத் தொடை.” துண்டை வீசினாள். “ஆபீசு சங்கதியா?”

“ஆமாக்கா.”

“வந்துட்டா? அஞ்சு நாளுலயா? கொள்ளாமே, வேகந்தான். ஆருலே அது? ராஜையந்தானே?”

இங்கே ஒரு நிமிடம் ஞானதாசன் சும்மா நின்றார். ‘ஆமா’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. இந்த ஒரு நிமிடத்தை வைத்துத்தான் அவர் இதுவரை பிழைத்து வந்தார். மற்றவர்கள் தாமாகவே எதையாவது நினைத்துக்கொள்வார்கள், இவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இன்று தலை ஆடவில்லை.

“ராஜையன் இல்லக்கா. அவனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“பின்ன?”

தாளை நீட்டினார். நேசபாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பல்பின் கீழே போய் நின்றாள். முதல் வரியிலேயே அவள் கண் நின்றுவிட்டது. பெயர் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முழுக்க வாசித்தாள்.

“எனக்கு எழுதித் தந்த கைதானே இதையும் எழுதிச்சு.”

“ஆமாக்கா.”

“‘பொறுப்பில் உள்ளவரிடம் மூன்று ஆண்டுகளாக.’ அது ஆருலே?”

“நான்தான்.”

நேசபாய் திரும்பிப் பார்த்தாள்.

“அவ மூணு வருசமா எங்கிட்டச் சொன்னாக்கா. ஒங்கிட்டச் சொல்லச் சொன்னா. நான்தான் சொல்லல்ல. அவ வந்து சொல்லுதேன்னு சொன்னதுக்கும் நான் விடல்ல. ஜினிஷாவுக்கு இளைப்பு. புகை பட்டா மூச்சு விட முடியல்ல. ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் ஒங்கிட்டக் காய்ச்சல்னுதான் சொன்னேன். இன்னைக்கும் பள்ளிக்கொடம் போவல்ல.”

மடை திறந்தது போல வந்தது அத்தனையும். சொல்லி முடித்ததும் இனி அக்காள் வைவாள், வையட்டும் என்று நின்றார். அவள் வையவில்லை. அடுக்கி வைத்திருந்த விறகின்மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

“எப்ப மொதல்?”

“அத்தான் மரிச்ச வருசத்துலேந்து.”

“அந்த வருசத்துலேந்துதான் நீங்க பிள்ளைய எனக்க வீட்டுக்கு விடாம ஆனது.”

ஞானதாசனுக்கு முதலில் புரியவில்லை.

“அதுக்கு முன்ன எந்நேரமும் இங்கதானே கெடப்பா. எனக்க மடியிலதானே உறங்குவா. அத்தானுக்க நாப்பதாம் நாளு ஜெபம் கழிஞ்சு நான் கூப்பிட்டேன், நீ டியூசன்னு சொன்ன. பிறகு படிக்கான்ன. பிறகு பாட்டு கிளாசுன்ன. ஒண்ணாம் கிளாசுப் பிள்ளைக்கு என்னலே டியூசன்? நானும் கேட்டுக்கிட்டேன்.” குரல் உடைந்தது. “நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான் அறுதலியாயிட்டேன், எனக்க நெழலு பிள்ளைக்க மேல விழப்பிடாதுன்னு வச்சிருக்காவ, நம்ம சபையில அதெல்லாம் பாக்கப்பிடாதுன்னாலும் மனசுல உண்டுல்லா, அதான் மொகத்துக்கு நேரே சொல்லாம தம்பி ஒளிச்சு வைக்கான். அப்பிடி நெனச்சேன்லே. மூணு வருசம்.”

அக்காளின் மனம் நோகக் கூடாது என்றுதான் ஞானதாசன் வாயைப் பூட்டினார். அந்தப் பூட்டு இத்தனை நாளும் அவளை என்ன செய்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரே கையாலைக்கு அந்தப் பக்கம் அவள் ஒவ்வொரு நாளும் இதை நினைத்துக்கொண்டே ஷீட்டைத் திருப்பியிருக்கிறாள்.

“எக்கா, அப்பிடி இல்லக்கா. சத்தியமா இல்ல.”

“இளைப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தீய அன்னைக்கே அணைச்சிருப்பேனே. இல்ல, அணைக்காம சண்டை போட்டிருப்பேன். எதுன்னாலும் தெரிஞ்சு செய்திருப்பேன். சர்க்காருக்குப் பத்து ரூவா ஸ்டாம்பு ஒட்டியாலே ஒனக்க வாயில இருந்து வாங்கணும்?”

மழை தகரத்தில் கொட்டியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கவரிங் லெட்டரின் அடியில் இருந்த இடத்தில், கோணல்மாணலாக, ‘நகல் பெற்றுக்கொண்டேன், நேசபாய்’ என்று தானே எழுதினாள். அவள் தன் கையால் ஆபீசுக்கு எழுதிய முதல் வரி அது. நீட்டினாள்.

“ராஜையனுக்க வீட்டுக்குப் போ. இன்னைக்கே போணும். ஆரு செய்ததுன்னு அவன்கிட்டச் சொல்லு, அவனுக்க பெண்டாட்டியும் கேக்க மாதிரிச் சொல்லு. நான் நாளைக்கு வந்து காலுல விழுதேன்னு சொல்லு.”

“செரிக்கா.”

“நாளைக்கு நான் விளக்கம் குடுக்கணும். எழுதித் தர எனக்கு வேற ஆளில்ல. ரோஸ்லெட்ட வரச் சொல்லு.”

அதை அவள் என்ன மனதோடு சொன்னாள் என்று ஞானதாசனுக்கு விளங்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. மொகத்தப் பாத்து ஒரு கேள்வி என்று ரோஸ்லெட்டிடம் சொன்னாளே, அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை. அடுப்பில் தொண்டு புகைந்துகொண்டுதான் இருந்தது. அவள் அதை அணைக்கவும் இல்லை, புதிதாக ஒன்றைத் தள்ளவும் இல்லை.

“நானும் கூட வரட்டாக்கா?”

“நீ வராண்டாம். நீ இருந்தா ரெண்டு பேரும் ஒனக்காகப் பேசாம இருப்போம். அவ மட்டும் வரட்டும்.”

அவர் கதவுக்கு வெளியே கால் வைத்த பிறகு பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“ஏலே, பிள்ளைய கூட்டிட்டு வரப்பிடாதுன்னு சொல்லு. இங்க புகை கெடக்கு.”